கண்ணாடி முன் ஐந்து நிமிடம்: வாய்ப்புற்றுநோயும் வீட்டுக் கணக்கும்



எங்கள் அறக்கட்டளையின் மருத்துவ உதவிக் குழுவுக்கு வரும் விண்ணப்பங்களில் சில நோய்களின் பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. சிறுநீரகக் கோளாறு, இருதய அடைப்பு, அடுத்து வாய்ப்புற்றுநோய். முதல் இரண்டும் உடலுக்குள் மறைந்திருந்து வளர்பவை. மூன்றாவது நோய் வாயைத் திறந்தால் கண்ணில் படும் இடத்தில் வருவது. பல மாதங்கள், சிலருக்குப் பல ஆண்டுகள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு வருவது. அப்படியிருந்தும் எங்களிடம் வரும் மருத்துவச் சான்றுகளில் பெரும்பாலும் நோய் முற்றிய நிலை என்றே எழுதியிருக்கிறது.

கண்ணுக்குத் தெரியும் நோய் ஏன் கடைசியில்தான் கண்டுபிடிக்கப்படுகிறது? அந்தத் தாமதத்துக்கு ஒரு குடும்பம் என்ன விலை கொடுக்கிறது? அதைத் தவிர்க்க நாம் என்ன செய்யலாம்? இந்த மாதப் பாடம் இந்த மூன்று கேள்விகளைப் பற்றியது.

ஒரு மாஸ்டரின் கதை

நம் ஊரில் பல நிக்காஹ் விருந்துகளுக்குப் பிரியாணி சமைத்தவர் அவர். வயது 44. "என் பேர் வேண்டாம் பாய், விஷயத்தை எழுதுங்க, நாலு பேருக்கு உதவட்டும்" என்று அவரே சொன்னதால் எழுதுகிறோம்.

அடுப்படியில் விடிய விடிய நிற்கும் வேலை. தூக்கம் வராமல் இருக்க இருபது வயதில் பாக்கு மெல்லத் தொடங்கினார். பிறகு பாக்கோடு புகையிலை சேர்ந்தது. இடது கன்னத்தில் அடக்கிக்கொண்டால் தம் போட்டு அண்டாவை இறக்கும் வரை தாங்கும் என்பார். சில ஆண்டுகளுக்கு முன் அதே இடது கன்னத்தின் உள்ளே வெள்ளையாக ஒரு படலம் தெரிந்தது. வலி இல்லை, அதனால் விட்டுவிட்டார். பிறகு காரம் பட்டால் எரிந்தது. "சூட்டுப் புண்ணுன்னு நினைச்சேன்" என்கிறார். மருந்துக்கடையில் சத்து மாத்திரையும் தடவுகிற மருந்தும் வாங்கிக்கொண்டார். வாய் மெல்ல மெல்ல இறுகியது. கவளம் சிறுத்தது. பல் ஆடியபோதுதான் பல் மருத்துவரிடம் போனார். திசுப் பரிசோதனை முடிவு வந்தபோது நோய் தாடை எலும்பைத் தொட்டிருந்தது.

இதில் எங்களுக்கும் பங்கு உண்டு. எங்கள் அறக்கட்டளையின் நிகழ்ச்சிகளுக்குச் சமைத்தவர் அவர். அவர் வாயைச் சரியாகத் திறக்க முடியாமல் பேசுவதை எங்களில் பலர் பார்த்திருக்கிறோம். ஒருவரும் கேட்கவில்லை. அவரிடமே பாக்கு வாங்கிப் போட்டுக்கொண்டவர்களும் எங்களில் உண்டு.

நாட்டின் நிலை

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வெளியிட்ட 2022-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, உலகில் அந்த ஆண்டில் உதடு மற்றும் வாய்ப்புற்றுநோய்க்கு ஆளானவர்கள் சுமார் 3,89,000 பேர். இதில் இந்தியாவில் மட்டும் சுமார் 1,43,000 பேர். அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அதே ஆண்டில் நம் நாட்டில் இந்நோயால் இறந்தவர்கள் ஏறத்தாழ 80,000 பேர். நாளொன்றுக்கு 200-க்கும் அதிகம்.

மேலை நாடுகளில் இந்நோய் நாக்கிலும் நாக்கின் அடியிலும் அதிகம் காணப்படுகிறது. நம் நாட்டில் கன்னத்தின் உட்புறத்திலும், கன்னமும் ஈறும் சேரும் பள்ளத்திலும் அதிகம். காரணம் எளிது. நம்மவர்கள் புகையிலையையும் பாக்கையும் அடக்கி வைக்கும் இடம் அதுதான். வைத்த இடத்திலேயே நோய் முளைக்கிறது.

"புகையிலை இல்லை, வெறும் பாக்குதான்"

வீடுகளில் நாங்கள் பேசும்போது அடிக்கடி கேட்கும் பதில் இது. குட்கா, மாவா, கைனி ஆகியவை தீங்கு என்பதை யாரும் மறுப்பதில்லை. தமிழ்நாட்டில் 2013-லிருந்து குட்காவும் பான் மசாலாவும் தடை செய்யப்பட்டிருப்பதும் பலருக்குத் தெரியும். ஆனால் வெற்றிலை பாக்கு மங்கலப் பொருள், செரிமானத்துக்கு நல்லது என்று நாம் பழகிவிட்டோம்.

மேற்சொன்ன ஆராய்ச்சி முகமை புகையிலை சேர்ந்த தாம்பூலத்தைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக 1985-லேயே அறிவித்தது. 2004-ல் வெளியிட்ட அறிக்கையில், புகையிலை சேராத தாம்பூலமும், தனிப் பாக்கும்கூட மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதி செய்தது. சாராயம், சிகரெட் இருக்கும் அதே முதல் பிரிவில்தான் பாக்கும் இருக்கிறது.

பாக்கில் உள்ள அரிகோலின் என்ற பொருள் கன்னத்தின் உட்சதையில் நார்த்திசுவை அதிகமாக்குகிறது. மெத்தென்று இருக்க வேண்டிய கன்னம் தோல்வார் போல விறைக்கிறது. வாய் திறக்கும் அளவு குறைகிறது. காரம் தாங்குவதில்லை. இதுவே வாய் இறுக்க நோய். இது வந்தவர்களில் ஒரு பகுதியினருக்குப் பிற்காலத்தில் புற்றுநோய் வருகிறது. பள்ளிக்கூட வாசலில் சிறு பாக்கெட்டில் கிடைக்கும் வாசனைப் பாக்கில் தொடங்கும் பிள்ளைகளுக்கு இருபது வயதிலேயே இது வந்துவிடுவதுண்டு.

நம் வீட்டுப் பெரியம்மாக்களின் வெற்றிலைப் பெட்டியையும் இங்கே சொல்லியாக வேண்டும். பல் போன பின்னும் சிறு உரலில் இடித்துப் போட்டு, புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டே தூங்கிவிடும் நன்னிமார்கள் நம்மிடையே இருக்கிறார்கள். பல் ஈறில் பொடி தேய்க்கும் பெண்களும் உண்டு. ஆண்களின் நோய் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. புகைப்பதும் மதுவும் இந்நோய்க்குக் காரணங்களே. புகையிலையும் மதுவும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்காகிறது.

வீட்டுக் கணக்கு

மாஸ்டருக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தது. அறுவைச் சிகிச்சைக்கும் கதிர்வீச்சுக்கும் அதிலேயே அனுமதி கிடைத்தது. "அப்புறம் என்ன செலவு?" என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். அவருடைய துணைவியார் ஒரு பள்ளி நோட்டில் எழுதி வைத்திருந்த கணக்கைக் காட்டினார்.

காப்பீடு தொடங்கும் முன் வெளியில் எடுத்த ஸ்கேன், பரிசோதனைகள்: 22,000 ரூபாய்.

சென்னையில் ஆறரை வாரம் கதிர்வீச்சு நடந்தபோது இருவருக்கும் அறை வாடகை, சாப்பாடு, போக்குவரத்து: 38,000 ரூபாய்.

மூக்குக் குழாய் வழி உணவு, பால், சத்து மாவு, வெளியில் வாங்கிய மருந்து: 30,000 ரூபாய்.

மாதம் சராசரியாக 18,000 ரூபாய் சம்பாதித்தவர் பத்து மாதம் வேலைக்குப் போகவில்லை: 1,80,000 ரூபாய்.

வீட்டில் பீடி சுற்றி வாரம் 1,000 ரூபாய் ஈட்டியவர், கணவருக்குத் துணையாக இருந்ததால் இழந்த கூலி: சுமார் 40,000 ரூபாய்.

கூட்டினால் 3,10,000 ரூபாய். இதில் எங்கள் அறக்கட்டளை கொடுத்தது 25,000. மீதிக்கு நகை அடகுக்குப் போனது. மூத்த மகன் கல்லூரியை இரண்டாம் ஆண்டில் நிறுத்திவிட்டு ஒரு மொபைல் கடையில் சேர்ந்தான். அந்தப் படிப்பின் விலையை நோட்டில் எழுத அந்தத் தாய்க்குத் தெரியவில்லை. எங்களுக்கும் தெரியவில்லை.

மருத்துவமனை தரப்பிலும் இதே பாடம்தான். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை மருத்துவர்கள் செய்த ஆய்வில், தொடக்க நிலையில் வரும் வாய்ப்புற்றுநோயாளி ஒருவருக்குச் சிகிச்சை அளிக்க ஆகும் செலவு 1,17,135 ரூபாய் என்றும், முற்றிய நிலையில் வருபவருக்கு 2,02,892 ரூபாய் என்றும் கண்டறிந்தனர். ஆளுக்கு 85,000 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். 2020-ஆம் ஆண்டில் மட்டும் இந்நோயின் சிகிச்சைக்கு நம் நாடு சுமார் 2,386 கோடி ரூபாய் செலவிட்டதாக அவர்கள் மதிப்பிட்டனர்.

"புகையிலை வரியால் அரசுக்கு வருமானம் வருகிறதே" என்பாரும் உண்டு. 2017-18-ஆம் ஆண்டுக்கான ஒரு மதிப்பீட்டின்படி, புகையிலையால் வரும் நோய்கள் அனைத்தாலும் இந்தியாவுக்கு ஏற்பட்ட பொருளாதாரச் சுமை 1,77,341 கோடி ரூபாய். நாட்டின் மொத்த உற்பத்தியில் ஒரு சதவீதத்துக்கும் மேல். புகையிலையிலிருந்து வரும் ஒவ்வொரு 100 ரூபாய் கலால் வரிக்கும் 816 ரூபாய் இழப்பு என்று அந்த ஆய்வு கணக்கிட்டது.

பழக்கத்தின் செலவையும் பார்த்துவிடுவோம். நாளொன்றுக்கு 40 ரூபாய்க்குப் பாக்கும் புகையிலையும் வாங்குபவர் ஆண்டுக்கு 14,600 ரூபாய் கொடுக்கிறார். பத்தாண்டில் 1,46,000 ரூபாய். நோயையும் அவர் கைக்காசு கொடுத்தே வாங்குகிறார்.

சீக்கிரம் கண்டால் என்ன வித்தியாசம்?

தொடக்க நிலையில் பலருக்கு ஓர் அறுவைச் சிகிச்சையோடு முடிந்துவிடுகிறது. பெரும்பாலோர் ஐந்தாண்டுகளைக் கடந்து நலமாக வாழ்கிறார்கள். முற்றிய நிலையில் தாடையின் ஒரு பகுதியை எடுக்க வேண்டிவரலாம். நெஞ்சிலிருந்தோ காலிலிருந்தோ சதை எடுத்து முகத்தில் ஒட்ட வேண்டிவரலாம். அதன்பின் ஆறு, ஏழு வாரம் கதிர்வீச்சு, அதாவது நம் மக்கள் சொல்லும் 'கரண்ட் வைப்பது'. சிலருக்கு அதோடு மருந்துச் சிகிச்சையும். இத்தனைக்குப் பிறகும் ஐந்தாண்டு கடப்பவர்கள் பாதிக்கும் குறைவு.

கண்ணால் பார்ப்பது மட்டுமே உயிரைக் காக்குமா என்ற கேள்விக்குப் பக்கத்து மாநிலத்திலேயே விடை இருக்கிறது. கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-ல் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. 13 பஞ்சாயத்துகளில் 35 வயதைக் கடந்த சுமார் 1,90,000 பேர் அதில் சேர்க்கப்பட்டனர். ஏறத்தாழ பாதிப் பேரின் வாயை, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடிச் சென்று மூன்றாண்டுக்கு ஒருமுறை பார்த்தனர். அவர்கள் மருத்துவர்கள் அல்லர். சந்தேகம் உள்ளவர்களை மட்டும் மருத்துவரிடம் அனுப்பினர். 2005-ல் வெளியான முடிவின்படி, புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றுநோய் மரணம் 34 சதவீதம் குறைந்திருந்தது. பழக்கம் உள்ளவர்களைத் தேடிப்போய்ப் பார்ப்பதே பலன் தருகிறது என்பது இதன் பாடம்.

நம் நாட்டில் 30 வயதைக் கடந்த அனைவருக்கும் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் வாய்ப் பரிசோதனை செய்யத் திட்டம் இருக்கிறது. ஆனால் 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், 30 முதல் 49 வயது வரை உள்ளவர்களில் எப்போதாவது இப்பரிசோதனை செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான் இருந்தனர்.

வீட்டிலேயே பார்க்கும் முறை

மாதம் ஒருமுறை, ஐந்து நிமிடம் போதும். கையைக் கழுவிக்கொண்டு, நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நில்லுங்கள். கைபேசி விளக்கு உதவும். பல் செட் இருந்தால் கழற்றி வையுங்கள்.

1. உதடுகளை மேலும் கீழும் மடித்து உட்புறத்தைப் பாருங்கள்.

2. இரு கன்னங்களையும் விரலால் இழுத்து உள்ளே பாருங்கள். கன்னமும் ஈறும் சேரும் பள்ளத்தை விட்டுவிடாதீர்கள்.

3. நாக்கை நீட்டி மேற்புறத்தையும் இரு ஓரங்களையும் பாருங்கள். பிறகு நாக்கைத் தூக்கி அடிப்பகுதியைப் பாருங்கள்.

4. தலையைச் சாய்த்து மேலண்ணத்தைப் பாருங்கள்.

5. தாடையின் கீழும் கழுத்தின் இருபக்கமும் விரலால் தடவி, கட்டி தட்டுப்படுகிறதா என்று பாருங்கள்.

6. உங்கள் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வாய்க்குள் நுழைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றால் வாய் இறுகத் தொடங்கியிருக்கலாம்.

வெள்ளைப் படலம், சிவப்புப் படலம், இரண்டு வாரமாகியும் ஆறாத புண், காரணமின்றி ஆடும் பல், கழுத்தில் கட்டி, விழுங்கச் சிரமம், வாய் திறக்கும் அளவு குறைதல் ஆகியவற்றில் எது இருந்தாலும் மருத்துவரைப் பாருங்கள். சிவப்புப் படலம் வெள்ளையைவிட ஆபத்தானது. வலி இல்லையே என்று இருந்துவிடாதீர்கள். தொடக்கத்தில் வலி இருக்காது என்பதுதான் பலரை ஏமாற்றுகிறது.

எல்லாப் புண்ணும் புற்றுநோய் ஆகாது. கூரான பல் உரசியும் புண் வரும். படலம் உள்ளவர்களிலும் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் வருவதில்லை. பழக்கத்தை விட்டால் படலம் மறைந்துவிடுவதும் உண்டு. எதுவென்று முடிவு செய்யும் வேலையை மருத்துவரிடம் விடுங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள்.

தவறான மூன்று எண்ணங்கள்

"கத்தி பட்டால் பரவிவிடும்." இந்த அச்சத்தால் திசுப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டவர்கள் பலர். திசு எடுப்பதால் இந்நோய் பரவுவதில்லை. தள்ளிப்போடும் மாதங்களில்தான் அது பரவுகிறது.

"ஒட்டிக்கொள்ளும்." இது தொற்றுநோயைப் போல ஒருவரோடு உண்பதால் ஒட்டிக்கொள்வதில்லை. நோயாளிக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைப்பது அவர் மனத்தை ஒடிப்பதைத் தவிர வேறெதுவும் செய்யாது. ஒரே சஹனில் சேர்ந்து உண்ட மனிதரை ஒதுக்கி உட்கார வைக்காதீர்கள்.

"இத்தனை வருஷம் போட்டாச்சு, இனி விட்டு என்ன?" எந்த வயதில் விட்டாலும் ஆபத்து குறைகிறது. இறுகிய வாய் முழுதாகப் பழைய நிலைக்கு வராவிட்டாலும், மேலும் மோசமாவது குறையும்.

விடுவதற்கு வழி

முதல் சில நாள் தலைவலி, எரிச்சல், தூக்கமின்மை வரும். அது கடந்துபோகும். மெல்ல வேண்டும் என்ற உந்துதல் வரும்போது சோம்பு, ஏலக்காய் போன்றவற்றை வாயில் போடுங்கள். தண்ணீர் குடியுங்கள். வீட்டில் மிச்சம் வைக்காதீர்கள். ரமலானில் பகல் முழுவதும் புகையிலையோ பாக்கோ இல்லாமல் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வோம்: பதின்மூன்று, பதினான்கு மணி நேரம் விட முடிகிற உங்களால் இஃப்தாருக்குப் பிறகும் விட முடியும். தனியாக முடியவில்லை என்றால், புகையிலையை விட விரும்புவோருக்கான அரசின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-11-2356.

உதவிகள் எங்கே?

முதல் பரிசோதனைக்கு ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்குச் செல்லலாம். மேல்சிகிச்சைக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள், காஞ்சிபுரம் காரப்பேட்டையில் உள்ள அரசு அறிஞர் அண்ணா நினைவு புற்றுநோய் மருத்துவமனை, 1954-ல் தொடங்கப்பட்ட சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் ஆகியவை உள்ளன.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்கள் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதிவு செய்யலாம். நோய் வந்த பின் அலைவதைவிட இப்போதே எடுத்து வைப்பது நல்லது. சிகிச்சைக்குப் பயணம் செய்யும் புற்றுநோயாளிக்கு ரயிலில் படுக்கை வகுப்பில் முழுக் கட்டணச் சலுகையும், உடன் செல்பவருக்கு முக்கால் பங்குச் சலுகையும் உண்டு. மருத்துவமனையில் அதற்கான படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். மாஸ்டரின் குடும்பத்துக்கு இது தெரியாததால் முழுக் கட்டணம் கொடுத்தே போய்வந்தார்கள்.

எங்கள் முடிவு

மாஸ்டருக்குக் கொடுத்த 25,000 ரூபாயைப் பற்றி எங்கள் கூட்டத்தில் நீண்ட நேரம் பேசினோம். கொடுத்ததில் தவறில்லை. ஆனால் கடைசியில் கொடுப்பது மட்டுமே எங்கள் வேலை என்று இருந்துவிட்டோமே என்ற வருத்தம் எல்லோருக்கும் இருந்தது. எனவே சில முடிவுகள் எடுத்திருக்கிறோம்.

மருத்துவ உதவி நிதியில் ஒரு பகுதியை இனி வாய்ப் பரிசோதனை முகாம்களுக்கு ஒதுக்குவோம். ஆண்களுக்கு ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் வளாகத்திலும், பெண்களுக்குப் பெண்கள் மதரஸாவிலும் பல் மருத்துவர்களைக் கொண்டு நடத்துவோம். சமையல் வேலை, லாரி, ஆட்டோ, சுமை தூக்கும் வேலை என்று இரவு கண்விழிக்கும் தொழிலில் உள்ளவர்களைத் தேடிப்போய் அழைப்போம். சிகிச்சைக்குச் செல்லும் குடும்பத்தில் படிக்கும் பிள்ளை இருந்தால், அந்தப் படிப்புக் கட்டணத்தையும் உதவியின் ஒரு பாகமாகவே கருதுவோம். எங்கள் நிகழ்ச்சிகளில் பாக்குத் தட்டும் பீடாவும் இனி இருக்காது. நிக்காஹ் நடத்தும் குடும்பங்களும் இதைப் பின்பற்ற வேண்டுகிறோம். பேரீச்சம்பழமோ சோம்பு மிட்டாயோ வைத்தால் விருந்தின் மரியாதை குறைந்துவிடாது.

மாஸ்டர் இப்போது நலமாக இருக்கிறார். மூக்குக் குழாய் எடுத்தாயிற்று. கஞ்சியும் குழைந்த சோறும் சாப்பிடுகிறார். போன மாதம் மறுபடி அடுப்படிக்குப் போனார். ஆனால் கதிர்வீச்சுக்குப் பிறகு அவருக்கு உப்பு, உறைப்பு சரியாகத் தெரிவதில்லை. நாளாக ஆகச் சுவை திரும்பலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அதுவரை உப்புப் பார்ப்பதற்கு இளைய மகனைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்கிறார். "கரண்டியை நீட்டுறேன், அவன் தலையாட்டுனா தம் போடுறேன்" என்றார் எங்களிடம்.

இதழை மடித்து வைக்கும் முன் கண்ணாடி முன் ஒருமுறை நின்று பாருங்கள். பிறகு, வீட்டில் பாக்கு மெல்லும் ஒருவரை அழைத்து, வாயைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.